காயில் அக்கா வாங்கிய கம்ப்யூட்டர்

மோட்டார் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மோட்டாருக்குள் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றுகிறவள், அதனால் காயில் அக்கா என்றால்தான் தெரியும். முதலாளி அவளைவிட மூத்தவர், தலை முழுக்க வெளுத்தாகிவிட்டது. அவருக்கும் அவள் அக்காதான்.

கருகி நாறும் மோட்டாரைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டால் போதும். மூடியைக் கழற்றுவாள், வெந்துபோன கம்பியை வெட்டி உருவுவாள், பள்ளங்களுக்குள் காகிதம் செருகிப் புதுச் செப்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்குவாள், நூலால் இறுக்கிக் கட்டி வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பாள். தண்ணீர் இறைக்கிற மோட்டாரோ மரம் அறுக்கிற மோட்டாரோ, அவள் கை பட்டது ஓடும். ஓடவில்லை என்று திரும்பி வந்தது அபூர்வம். அதனால் அவளுக்கு உலகத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. எதுவாக இருந்தாலும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் சரிசெய்துவிடலாம் என்பது அது. பட்டறையில் யாராவது பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால்கூட, "முதல்ல எங்க சூடாகுதுன்னு பாருப்பா" என்பாள்.

அந்த அபிப்பிராயத்துக்கு மசியாத ஒரே ஆள் அவள் வீட்டிலேயே இருந்தான். அவளுடைய தம்பி.

மலைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு வளைவில், விளக்குப் போடாமல் எதிரே வந்த வண்டி அவன் லாரியின் முகப்பை அப்படியே உள்ளே தள்ளிவிட்டது. உயிர் தப்பியது. ஆனால் இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கையை விரித்த அன்று, "தொறந்து பார்த்துட்டுமா முடியலைங்கிறாங்க?" என்று முதலாளியிடம் கேட்டாள் காயில் அக்கா. பிறகு சாயங்காலம்வரை தலை நிமிராமல் கம்பி சுற்றினாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். தம்பிக்கு ஒரு வழி பண்ணிவிட்டு என்று தள்ளிப்போட்ட அவளுடைய கல்யாணம் தள்ளியே போய்விட்டது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய குறையில்லை. குறையெல்லாம் இவன் வாயிலிருந்து வரும் ஒரே ஒரு சொல்லில்தான் இருந்தது.

"என்னடா வேணும்?" என்று தினமும் கேட்பாள்.

"ஒண்ணும் வேணாம்க்கா."

வைத்ததைச் சாப்பிடுவான். உட்காரவைத்த இடத்தில் இருப்பான். சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிவிட்டால், தெருவில் லாரிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுவான். கோபித்துக் கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். இவன் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. காயில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அப்படி இருந்தவன் ஒரு சாயங்காலம், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "அக்கா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று போனை நீட்டினான்.

கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம், போனில் அதன் விளம்பரம். புதிதாக வந்திருந்தது. மழை பெய்கிற மலைப்பாதை, ஈரத்தில் மின்னும் தார், கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் தள்ளும் வைப்பர். பக்கத்துக் கண்ணாடியில், பின்னால் வரும் வண்டிகூடத் தெரிந்தது. அதைத்தான் அவன் திரும்பத் திரும்பக் காட்டினான்.

"கண்ணாடியைப் பாரு. பின்னாடி வர்றவன் லைட் போடுறது தெரியுதா? கியர், பிரேக் எல்லாம் கையாலயே போட்டுக்கலாமாம். கால் வேணாம்."

அந்த "கால் வேணாம்" அவள் நெஞ்சில் தைத்தது. ஆனால் அவன் குரலில் வருத்தமில்லை, ஆசை இருந்தது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அவன் ஒன்றைக் கேட்கிறான். வேறு எது கிடக்கட்டும், இதை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று அவள் அந்த நிமிஷமே முடிவுசெய்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பும்போது தம்பி ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினான். "திரையில படம் வரையற கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கான்னு கேட்டுக்கக்கா."

கேட்டாள். அவள் கைக்கு எட்டும் விலையில் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைத் தட்டிக்காட்டிய கடைக்காரர், "தனியா எதுக்குக்கா? இதுல உள்ளேயே இருக்கு" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு கணம் யோசித்திருக்கலாம். காயில் அக்காவுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அவள் தொழிலில் எது உள்ளேயே இருக்கிறதோ அது உசத்தி. ஸ்விட்சும் கெப்பாசிட்டரும் உள்ளேயே வைத்து வருகிற மோட்டார்தான் நல்ல கம்பெனி மோட்டார், வெளியே ஒட்டுப்போட்டுத் தொங்கவிட்டது மட்டம். தம்பி விவரம் தெரியாமல் தனியாகக் கேட்டிருக்கிறான் என்று நினைத்து தனக்கு அது தெரிந்திருப்பதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

"கேம் ஓடுமா?"

"நல்லா ஓடும்க்கா."

அவர் சொன்னது பொய்யில்லை. எந்த கேம் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இப்படி அவ்வளவுதான் என்று நடக்கிற விஷயங்கள்தான் மனுஷரைப் பாடாய்ப் படுத்துகின்றன.

பெட்டி வீட்டுக்கு வந்தது. போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து, கேம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் தம்பி ஆளே மாறிப்போனான். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்தான். தானாகவே சவரம் செய்துகொண்டான். உள்ளேயே இருக்கிறதாமே என்று அவள் வாய் நிறையச் சொன்னபோது மட்டும் அவன் முகம் லேசாகச் சுருங்கியது. "சரி, பார்ப்போம்க்கா" என்றான்.

பார்த்தார்கள். லாரி வந்தது, மலை வந்தது, மழையும் வந்தது. ஆனால் எல்லாம் ஃபோட்டோ ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி வந்தது. ஒரு படம் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த படம். கம்ப்யூட்டருக்குள் காற்றாடி உயிர்போகிற மாதிரி கத்தியது. காயில் அக்கா பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தாள். மோட்டார் எரிவதற்கு முன்னால் வருகிற சூடு அது, அவளுக்கு அது பழக்கம்.

"செட்டிங்ஸைக் குறைச்சுப் பார்க்குறேன்" என்றான் தம்பி.

முதலில் நிழல்களை எடுத்தான். பிறகு மழையை எடுத்தான். மரங்கள் போயின, புல் போனது, மலைகள் பழுப்புத் துணி போர்த்திய மேடுகளாயின. கடைசியில் பக்கத்துக் கண்ணாடியை எடுக்கச் சொல்லித் திரையில் ஒரு கட்டம் நின்றது. அங்கே அவன் விரல் தயங்கியது.

"கண்ணாடி இல்லாம எப்படிக்கா வண்டி எடுக்குறது?"

"எடுத்துத்தான் பாரேன். பின்னாடி யாரு வரப்போறா?"

எடுத்தான். இப்போது படங்கள் கொஞ்சம் வேகமாகப் புரண்டன, அவ்வளவே. மொட்டைச் சாலையில் ஏறினான். வளைவு தெரிந்ததும் திருப்பினான். படம் நின்றது. அடுத்த படத்தில் லாரி பாறையில் முட்டிக்கொண்டு நின்றது. இடையில் என்ன நடந்தது என்பதைத் திரை காட்டவேயில்லை. மறுபடி எடுத்தான், மறுபடி பாறை.

தம்பி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "அன்னைக்கும் இப்படித்தான்க்கா. வளைவு தெரிஞ்சுது. பார்க்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான்.

விபத்தைப் பற்றி அவன் அவளிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காசைக் கொட்டி, ஆசை ஆசையாகக் கொண்டுவந்து, அதே வளைவை அவன் முன்னால் வைத்துவிட்டோமே என்று காயில் அக்காவுக்கு மனது அடித்துக்கொண்டது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். ஆனால் கடைக்காரர் கேமின் பெயரைக் கேட்டதும் உண்மையாகவே வருத்தப்பட்டார், அதனால் சண்டையும் பிடிக்க வரவில்லை.

"அது புது கேமாச்சேக்கா. இதுல பழசெல்லாம் ஓடும். லேசானதெல்லாம் ஓடும். இது தாங்காது."

"எது மட்டமா இருக்கோ அதைக் கழட்டிட்டு நல்லதா ஒண்ணு வைங்க. நானே வேணா கழட்டித் தர்றேன்."

"கழட்டுறதுக்கு அது தனியா இல்லையேக்கா. பிராசஸருக்குள்ளயே சேர்ந்து இருக்கு. கணக்குப் போடுறதும் அதுதான், படம் வரையறதும் அதுதான். வேலை செய்ய இடம்கூட அதுக்குன்னு இல்ல, கம்ப்யூட்டரோட ரேம்லேருந்து கடன் வாங்கிக்குது."

"சரி, வெளியில ஒரு கார்டு செருகுங்க."

"இந்தச் சின்னப் பெட்டியில செருக இடமில்ல. இடம் இருந்தாலும் பவர் பத்தாது. மொத்தத்தையும் மாத்தணும்."

மொத்தத்தையும் மாற்ற அவளால் முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது. இன்னொரு ரேம் போட்டால் கொஞ்சம் தேவலையாகும் என்று ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். அவர் பெட்டியைத் திறந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். பச்சைப் பலகை, அதன்மேல் ஒரு காற்றாடி, அதன் அடியில் எங்கோ அந்தச் சில்லு. சுற்று இல்லை, கம்பி இல்லை, வெட்டி உருவ எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில், மூடியைத் திறந்த பிறகும் தனக்கு ஒன்றும் தெரியாத ஒரு பொருளை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளேயே இருக்கிறது என்ற சொல்லின்மேல் அன்று அவளுக்கு ஓர் அடங்காத வெறுப்பு வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் தினசரிக் கேள்வி மாறியது.

"ஓடுதா?"

"கொஞ்சம் தேவலைக்கா."

"இன்னைக்கு ஓடுதா?"

"பார்க்குறேன்க்கா."

பழைய கேம் ஒன்றை இறக்கிப் பார்த்தான், அது வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அதில் சாலை பொம்மை சாலை, லாரி தீப்பெட்டி. அவனுக்கு ஒட்டவில்லை. மெல்ல மெல்ல அவன் பழையபடி ஆகிக்கொண்டிருந்தான். சவரம் நின்றது. ஜன்னல் சாத்தியது சாத்தியபடி இருந்தது. காயில் அக்கா கேட்பதை மட்டும் விடவில்லை. வாசலில் கால் வைக்கும்போதே, "ஓடுதா?" என்பாள். அவனுடைய பதிலுக்கு முன்னால் அவள் முகம் எப்படி ஏங்கும் என்பது அவளுக்குத் தெரியாது. தன் முகம் யாருக்குத்தான் தெரிகிறது?

ஒருநாள் அவள் திரும்பி வந்தபோது உள்ளே லாரி உறுமியது. கதவைத் தள்ளினாள். திரை முழுக்க மழை. ஈரத் தார் மின்னியது. மரங்கள் இருந்தன, நிழல்கள் இருந்தன. பக்கத்துக் கண்ணாடியில் ஒரு வண்டி லைட் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தது. எங்கும் நிற்காமல், திக்காமல், லாரி ஒரு வளைவில் திரும்பியது. தம்பியின் கைகள் கீபோர்டின்மேல் இருந்தன.

"ஓடுதா?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். அவளைப் பார்த்தான். "ஓடுதுக்கா" என்றான்.

அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் பட்டறையில் தலைகால் புரியவில்லை அவளுக்கு. ரேம் என்றால் என்ன என்று முதலாளிக்குப் பாடம் எடுத்தாள். "மரம்கூட ஆடுதுங்க முதலாளி. கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி தெரியுது" என்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பட்டறை மூலையில் கிடந்த குப்பையிலிருந்து ஒன்றை இழுத்து எடுத்தார். கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஸ்டீயரிங் சக்கரம். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை.

"மோட்டார் எரிஞ்சு கெடக்கு. சரி பண்ண முடிஞ்சா தம்பிக்கு எடுத்துட்டுப் போங்கக்கா."

ஸ்டீயரிங்குக்குள் எதற்கு மோட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் தம்பிதான் சொன்னான். வளைவில் திருப்பும்போது நிஜ லாரியில் சக்கரம் கையை எதிர்த்து இழுக்கும் இல்லையா, அந்த இழுப்பைக் கொடுக்கத்தான். சொல்லும்போது அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் எதுக்குக்கா உனக்கு வீண் வேலை" என்றான். வேண்டாம் என்பது அவன் வழக்கமாகச் சொல்வதுதானே என்று அவள் விட்டுவிட்டாள்.

வேறு எதிலும் உதவ முடியாத இடத்தில், கடைசியாகத் தனக்குத் தெரிந்த ஒரு வேலை வந்துசேர்ந்ததில் காயில் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. சுண்டுவிரல் மாதிரி ஒரு மோட்டார், தலைமயிர் மாதிரிக் கம்பி. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். முடித்துக் கம்ப்யூட்டரில் செருகியதும் சக்கரம் இடதும் வலதுமாக ஒருதரம் தானே திரும்பி, சோம்பல் முறித்த மாதிரி நடுவில் வந்து நின்றது. அவள் கைதட்டாத குறை.

"ஓட்டுடா, பார்க்கலாம்."

திரையில் லாரி கிளம்பியது. தம்பி சக்கரத்தைப் பிடித்தான். வளைவுகள் வந்தன, திருப்பினான். அவள் சக்கரத்தின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். இழுப்பே இல்லை. மோட்டார் செத்த மாதிரிக் கிடந்தது.

"கேம்ல அதுக்கு ஒரு செட்டிங் இருக்கும்க்கா, தேடணும்" என்றான் தம்பி அவசரமாக.

"இல்லடா. சும்மா சுத்துறது வேற, சுமையில சுத்துறது வேற. சுமை வந்ததும் படுத்துடுது. என் சுத்துலதான் தப்பு."

வெட்டி எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள். மறுபடி சக்கரம் சோம்பல் முறித்தது, மறுபடி வளைவில் செத்துக்கிடந்தது. பட்டறையில் இருக்கிற பெரிய மோட்டார்களையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தாள். கண் மங்கிவிட்டதா, கை நடுங்குகிறதா? அன்று கட்டி முடித்த ஒரு மோட்டாரைச் சோதனை விளக்கில் போட்டுப் பார்த்து, நம்பிக்கை வராமல் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று முதலாளி கேட்டார்.

விடுமுறை நாள் மத்தியானம், தம்பி ஓட்டிக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சக்கரத்தை மறுபடி பிரித்தாள். மோட்டாரை வெளியே எடுத்து, கம்பி வெட்டுகிற குறட்டை அதன்மேல் வைத்தாள்.

"இதுவும் வரலேன்னா, எனக்கு இனிமே கை போச்சுன்னுதான் அர்த்தம். முதலாளிகிட்ட சொல்லிடணும்" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான்.

"வெட்டாதேக்கா."

நிமிர்ந்தாள். தம்பியின் முகம் வெளுத்திருந்தது.

"உன் சுத்துல தப்பே இல்ல. உன் கையில ஒண்ணும் இல்ல" என்றான். பிறகு கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டான்.

திரையில் லாரி போய்க்கொண்டே இருந்தது. வளைவு வந்ததும் தானாக வேகத்தைக் குறைத்தது, விளக்கைச் சிமிட்டியது, பதமாகத் திரும்பியது. மழையை வைப்பர் தள்ளியது.

காயில் அக்கா திரையைப் பார்த்தாள், அவன் மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள், திரும்பத் திரையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிறவளுக்கு இதைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

"யாருடா ஓட்டுறது?"

"தெரியாதுக்கா. யாரோ ஒருத்தர் ஓட்டி, படம் பிடிச்சுப் போட்டிருக்கார். வீடியோ."

"எப்போலேருந்து?"

"அன்னைக்குச் சும்மாதான் பார்த்துட்டிருந்தேன். நீ வந்து ஓடுதான்னு கேட்டே. ஓடுதுன்னு வாயில வந்துருச்சு. உடனே உன் மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா? அதுக்கப்புறம் எப்படிக்கா இல்லேங்குறது?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன் அவளுக்காக நடித்திருக்கிறான், அவள் அதை நம்பி ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள், கம்ப்யூட்டர் மட்டும் யாரையும் ஏமாற்றாமல் தன்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று உட்கார்ந்திருக்கிறது. யாரைக் குறை சொல்வது? அவளால் ஆகக்கூடியது இனி ஒன்றுமே இல்லை. அது நன்றாகப் புரிந்தது, புரிந்ததும் அழுகை வந்தது. குறட்டைக் கீழே வைத்தாள்.

"நிறுத்திடட்டுமாக்கா?"

"வேணாம், இருக்கட்டும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே மோட்டாரைச் சக்கரத்துக்குள் வைத்து மூடினாள், திருகுகளை முடுக்கினாள். அதன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகவில்லை. சக்கரத்தை அப்படியே அவன் முன்னால் வைத்தாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதைப் பிடித்தான்.

திரையில் நேர் சாலை, மழை.

"இப்போ ஒரு பாலம் வரும்" என்றான் தம்பி.

பாலம் வந்தது.

"பாலம் முடிஞ்சதும் இடது. நல்லா ஒடிக்கணும். அங்கே எதிர்ல ஒரு பஸ் வரும், முன்னாடியே ஒதுங்கிடணும்."

பாலத்தின் மறுமுனைகூட இன்னும் தெரியவில்லை. அவன் அதற்குள் சக்கரத்தை ஒடிக்க ஆரம்பித்திருந்தான். இடது வந்தது. வளைவின் மறைவிலிருந்து பஸ் வந்து, இடிக்காமல் கடந்து போனது. அவள் வேலைக்குப் போய்விட்ட பகல்களில் இந்தப் பாதையில் இவன் எத்தனை முறை போய்வந்திருப்பான் என்று அவள் கேட்கவில்லை.

எட்டி, சக்கரத்தின் மறுபக்க விளிம்பைப் பிடித்தாள். அவன் வலதுபக்கம் திருப்பியபோது, மோட்டார் செய்திருக்க வேண்டிய வேலையை அவள் செய்தாள். எதிர்த்து, லேசாக இழுத்தாள்.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கக்கா" என்றான். "லோடு வண்டி."

அவள் இறுக்கிப் பிடித்தாள்.